கூட யார் வர்றாங்க?

ரயில்வேயின் சலுகைச் சான்றிதழ்ப் படிவத்தை எம்.ஏ. தமிழ் மாணவிகளுக்கு ஒரு பிரதியாகக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று சில காலமாக எனக்கு ஓர் எண்ணம். சிறிய பிரதி. ஆசிரியர் பெயர் கிடையாது, உரையும் யாரும் எழுதவில்லை. ஆனாலும் அதிலுள்ள ஒரு சொற்றொடர், நூற்பாவுக்கு உரிய இறுக்கத்தோடு, சில பெண்களின் நடமாட்டத்துக்கு எல்லை வகுக்கிறது.

மாற்றுத்திறனாளிகளை ரயில்வே விதி நான்கு வகையாகப் பிரிக்கிறது. முழுமையாகப் பார்வையிழந்தவர் முதல் வகை. அவரைத் தனியாகவோ துணையோடோ பயணம் செய்பவர் என்று விதி குறிக்கிறது. கேட்கவும் பேசவும் இயலாதவருக்கும் அதே தொடர்தான். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவரிடம் வரும்போது தொடர் மாறுகிறது: துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர். நான்காவதாக வரும் கைகால் இயக்கக் குறைபாடு உடையவருக்கும் இதே தொடர். நான் நான்காம் வகை. இடது காலில் போலியோ, காலிப்பர், ஒரு ஊன்றுகோல். தூரம் கூடினால் சக்கர நாற்காலி.

இலக்கணம் படித்தவர்கள் இந்த இரண்டு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தொடர் பயணியைப் பற்றிய ஒரு தகவல். அவர் எப்படிப் போவது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது ஒரு நிபந்தனை. என்னால் தனியாகப் போக முடியாது என்று மருத்துவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால்தான் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 விழுக்காடும், இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 விழுக்காடும் கட்டணம் குறையும். துணையாக வருபவருக்கும் அதே சலுகை உண்டு. இந்த அட்டையை வைத்துக்கொண்டு தனியாகப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். என் பேச்சு டிக்கெட் கவுன்ட்டரைப் பற்றியது இல்லை, வாக்கியத்தைப் பற்றியது. தனியாகப் போகிற ஒருத்தி, ‘என்னால் தனியாகப் போக முடியாது’ என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

என் சான்றிதழில் கையெழுத்திட்ட மருத்துவரிடம் அந்த ஒரு வரியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். “எழுதறதுக்குத்தானேம்மா” என்றார். பிறகு கனிவோடு, “கூட யார் வர்றாங்க?” என்று கேட்டார்.

விக்கிரமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அரியலூருக்கு பஸ் ஏறினாலும் கேட்பார்கள், ஜெயங்கொண்டம் போனாலும் கேட்பார்கள். அத்தை கேட்பாள், எதிர்வீட்டு ஆயா கேட்பார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். எல்லாப் பெண்களையும்தான் கேட்கிறார்கள். ஆனால் மற்றப் பெண்களுக்கு ஒரு வேலை, ஒரு வயது, தலையில் கொஞ்சம் நரை வந்தபிறகு அந்தக் கேள்வி மெல்ல ஓய்கிறது. என் வகுப்புத் தோழிகளை இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. எனக்கு மட்டும் அது மருத்துவக் கேள்வியாக உருமாறித் தொடர்கிறது. ஊர் கேட்டபோது அதற்குப் பெயர் கட்டுப்பாடு. அதையே அலுவலகம் கேட்டால் அக்கறை ஆகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 45 வயதைக் கடந்த பெண் தனியாகவோ அதிகபட்சம் இருவராகவோ ஒரு டிக்கெட்டில் போனால், இடம் இருக்கும்வரை கீழ்ப் படுக்கை கொடுக்க ரயில்வேயே ஒதுக்கீடு வைத்திருக்கிறது. எனக்கு 46. ஆக, பெண் என்ற பத்தியில் நான் தனியாகப் பயணம் செய்யும் மூத்த பெண், சலுகைக்கு உரியவள். மாற்றுத்திறனாளி என்ற பத்தியில் தனியாகப் பயணம் செய்ய இயலாதவள், அங்கும் சலுகைக்கு உரியவள். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே உடம்பு. ஸ்லீப்பர் பெட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்படும் நான்கு படுக்கைகளில் இரண்டு கீழே, இரண்டு நடுவில். நடுப் படுக்கை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. துணையை எண்ணிக்கையிலேயே சேர்த்துத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

துணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணை தேவைப்படுகிறவர்களுக்கு அந்த இரண்டாவது டிக்கெட் எவ்வளவு முக்கியம் என்பதை அறிவேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் உதவியாளருக்கும் சேர்த்தே அது பின்னர் விரிந்தது. நல்ல ஆணை. பஸ்ஸின் முதல் படி மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது.

படி என்றேன். உண்மையில் பேச வேண்டியது அதைத்தான். இந்திய ரயில் நிலையங்களில் உயர்மட்ட நடைமேடை என்பது தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தரை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர். நல்ல நடைமேடையில் நின்றாலும் பெட்டிக்கும் நமக்கும் இடையே சுமார் அரை மீட்டர் மிச்சம். நடைமேடை தாழ்வானதாக இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். சென்னைப் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. அன்றுமுதல் எத்தனையோ வகைப் பெட்டிகள் அங்கே உருவாகிவிட்டன. வந்தே பாரத் பெட்டிகளில் சக்கர நாற்காலிக்கென்று இடமே இருக்கிறது. ஆனால் என்னைப் போன்றவர்கள் ஏறும் பெரும்பாலான ரயில்களில் அந்த அரை மீட்டர் அப்படியேதான் இருக்கிறது.

இந்த அரை மீட்டரில் என்ன நடக்கிறது என்பதை இந்தியாவுக்கு உரக்கச் சொன்னவர் மும்பையைச் சேர்ந்த விராலி மோடி. நம் விறலியை நினைவூட்டும் பெயர். சக்கர நாற்காலியில் இயங்குபவர். 2017 தொடக்கத்தில் அவர் ஓர் இணைய மனுவை வெளியிட்டார். ரயிலில் ஏற்றுவதற்காகத் தூக்கிய போர்ட்டர்கள் தன்னைத் தகாத முறையில் தொட்டது மூன்று முறை நடந்திருக்கிறது என்று எழுதினார். கழிவறையைப் பயன்படுத்த முடியாததால் டயப்பர் அணிந்து பயணம் செய்ததையும் எழுதினார். இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். எர்ணாகுளம் நிலையத்தில் எடுத்துச் செல்லக்கூடிய சாய்தளமும், பெட்டிக்குள் நுழையும் அளவு குறுகலான சக்கர நாற்காலியும் வந்தன. அதன்பின் வேறு சில நிலையங்களுக்கும் அவை பரவின.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் வெற்றிக் கதையாகச் சொன்னன. அதில் பாதி உண்மை. ஆனால் அந்த மனுவை இரண்டு தனித்தனிப் புகார்களாகப் பிரித்துப் படித்துவிட்டார்கள் என்பது என் குறை. தொட்டவர்களைப் பற்றியது பாலியல் குற்றம், அது காவல்துறைக்கு. சாய்தளம் இல்லாதது வசதிக் குறைவு, அது பொறியாளருக்கு. மனுவில் இவை பிரியவில்லை. அந்த உயர வேறுபாடுதான் நான்கு கைகளைப் பெண்ணின் உடலுக்கு அருகில் அழைத்து வருகிறது. அவள் தூக்கப்பட வேண்டியவளாக இருக்கும்வரை எந்தக் கை எங்கே படுகிறது என்பதைத் தீர்மானிக்க முடியாதவளாகவும் இருக்கிறாள். கத்தினால் ரயில் போய்விடும். சாய்தளம் வந்துவிட்டால் தூக்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே சாய்தளம் என்பது பாலியல் வன்முறைக்கு எதிரான கருவி. பெண்ணியக் கூட்டங்களில் ரயில் நடைமேடையின் உயரத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை, பேச வேண்டும். இதே விராலி மோடி 2023இல் தன் திருமணப் பதிவுக்காக, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். அதையும் அவரேதான் வெளியே சொன்னார்.

அதே 2017இன் ஜூனில் இன்னொன்று நடந்தது. நாக்பூரிலிருந்து தில்லிக்குப் போன ஒரு கரீப் ரத் ரயிலில், பாரா விளையாட்டு வீராங்கனை சுவர்ணா ராஜுக்கு மேல் படுக்கை ஒதுக்கப்பட்டிருந்தது. கீழ்ப் படுக்கை கிடைக்காமல் பெட்டியின் தரையில் படுத்துப் பயணம் செய்தார். அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் பேராசிரியர் அனிதா காய், தில்லி விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வராததால் தவழ நேர்ந்ததாகப் புகார் சொன்னார். விமான நிறுவனம் மறுத்தது. அனிதா காய் யார் என்பதை மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் பெண்ணியம் ஊனமுற்ற பெண்ணைக் காணாமலே கடந்து போகிறது என்று நூல் நூலாக எழுதிக் காட்டியவர். அப்படி எழுதியவரே தரையில் தவழ நேர்ந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மூவரும் நாடறிந்தவர்கள். அவர்கள் சொன்னால் செய்தியாகும். அரியலூர் நிலையத்தில் ஏற முடியாமல் திரும்பிப் போகிற ஒருத்தி செய்தி ஆக மாட்டாள். பல பேர் திரும்பிப் போவதுகூட இல்லை, அவர்கள் புறப்படுவதே இல்லை.

புறப்படுதல் என்ற இடத்தில் நம் இலக்கியத்துக்கு வருகிறேன். அகத்திணையில் பிரிதல் பாலைக்கு, இருத்தல் முல்லைக்கு. செலவு தலைவனுடையது. செலவழுங்கினாலும் அழுங்குவது அவன்தான். அவள் போவதென்றால் உடன்போக்கு, அதாவது பெயரிலேயே துணை இருக்கிறது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. பெண் தனியாக நெடுந்தூரம் போக நம் மரபு கொடுத்த அனுமதிகள் விசித்திரமானவை. ஔவைக் கதையில் அவள் முதுமையை வேண்டிப் பெற்றபிறகே ஊர் ஊராகப் போகிறாள். 1953இல் வந்த ‘அவ்வையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கோலூன்றி நடந்த அந்த உருவம்தான் இன்றும் நம் மனத்தில். காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேய்வடிவம் கொண்டபிறகு கயிலைக்குப் போகிறார். கால் படக்கூடாத இடம் என்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். தலையால் நடந்ததைப் பக்தியாகவே படித்திருக்கிறோம். எனக்கு அது கால் அல்லாத வேறொன்றால் நெடுந்தூரம் போன ஒரு பெண்ணின் முதல் தமிழ்ச் சித்திரமாகவும் படுகிறது. அம்மையாரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஆனால் விலையைப் பாருங்கள்: பெண்ணுடலை விட்டால்தான் வழி.

ஆண்களின் பக்கம் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஐயூர் முடவனார். பெயரே உடல்நிலையைச் சொல்கிறது. புறநானூற்றின் 399ஆம் பாட்டில் அவர் தாமான் தோன்றிக்கோனிடம் வண்டி இழுக்க ஒரு பகடு கேட்டுப் போகிறார். மன்னன் ஆனிரையே கொடுத்து ஊர்தியும் கொடுக்கிறான். போக்குவரத்து கேட்டுப் பெற்ற ஊனமுற்ற கவிஞர் ஒருவர் சங்கத் தொகையில் இருக்கிறார் என்பதை ஏனோ நாம் கொண்டாடுவதில்லை. கேட்டதைவிட அதிகம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அது பரிசில். கொடுப்பவன் தோன்றிக்கோனாக இருந்தால் ஊர்தி வரும், வேறொருவனாக இருந்தால் வராது. ரயில்வே ‘சலுகை’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும். கட்டணத்தில் முக்கால் பங்கைக் குறைக்கத் தயாராக இருப்பவர்கள், அரை மீட்டரைக் குறைக்க ஏன் தயங்குகிறார்கள்? சலுகை கொடுப்பவருக்குப் புகழ் சேர்க்கும். சாய்தளத்தை யாரும் புகழ்வதில்லை.

என் தில்லிப் பயணத் திட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கருத்தரங்குக்குப் போக வேண்டும், தனியாகப் போக முடிவு செய்திருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். அரியலூரில் ஏறினால் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் என் பெட்டி எங்கே வந்து நிற்கிறது என்று கண்டு, போய், ஏற வேண்டும். சென்னை போய் மாறலாம் என்றால் எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் போய் மறுபடி ஏற வேண்டும். இரண்டு அரை மீட்டர்களும் ஓர் ஆட்டோவும். கடைசியில் கிடைத்தது கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, எழும்பூர் வழியாக நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ். வாரத்தில் இரண்டு நாள். திருச்சியில் ஏறினால் தில்லியில் இறங்கினால் போதும். பெயருக்காகவே ஏறலாம் என்று தோழி கேலி செய்தாள். விக்கிரமங்கலத்திலிருந்து திருச்சிக்குக் கார் வாடகை கொடுத்தால் சலுகையில் மிச்சமாவது அதிலேயே போய்விடும். ஆனால் திருச்சி சந்திப்பில் லிஃப்ட் இருக்கிறது, வண்டி நிற்கும் நேரமும் அரியலூரைவிட அதிகம்.

நோட்டில் அடுத்து வருவது தண்ணீர். எத்தனை மணிக்குக் கடைசியாகக் குடிப்பது, எந்த மாத்திரையை எதற்கு முன்னால் போடுவது. நெடுந்தூரம் போகிற பெண்கள் எல்லோருமே தண்ணீரைக் குறைக்கிறார்கள். ஓடும் வண்டியில் ஈரத் தரையில் ஊன்றுகோல் வழுக்கும் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். அதன் பலன் சிறுநீர்த் தொற்றாக ஒரு வாரம் கழித்து வரும். இதையெல்லாம் பயண நூல்களில் யாரும் எழுதுவதில்லை.

பெட்டி எது என்பதும் ஒரு பக்கம் நீள்கிறது. பல விரைவு ரயில்களில் கார்டு பெட்டியோடு சேர்ந்தாற்போல மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பகுதி உண்டு. அகலமான கதவு, பெரிய கழிவறை. ஆனால் முன்பதிவு கிடையாது, வண்டியின் முனையில் இருக்கும், ஆண் பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்கென்று ஒரு தனிப் பகுதியோ சில படுக்கைகளோ இருக்கைகளோ ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் ஒதுக்கப்பட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே அகலமான கதவு இல்லை. ஊனமுற்ற பெண் கதவைத் தேர்ந்தெடுத்தால் பெண்கள் மட்டும் இருக்கும் இடம் கிடைக்காது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கதவு கிடைக்காது. இரண்டும் சேர்ந்த ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. பெண்கள் பகுதி காலியாகிவிட்டால் அதுவே ஆபத்து என்பதும் தெரிந்ததுதான். 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி ரயிலில் பெண்கள் பெட்டியில் இருந்த கர்ப்பிணி ஒருவர் தாக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டார். நான் மூன்றடுக்கு ஏ.சி.யில் கீழ்ப் படுக்கை எடுத்திருக்கிறேன். சக்கர நாற்காலி உள்ளே போகாது. கதவிலிருந்து படுக்கை வரை ஊன்றுகோல்தான். கதவுக்குப் பக்கத்துப் படுக்கையாகக் கிடைக்க வேண்டும் என்பது பிரார்த்தனைப் பகுதி.

ஒரு நாள் இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. மலைபடுகடாம். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் செய்திருப்பது என்ன? நன்னனிடம் போகும் கூத்தர்க்கு வழி சொல்கிறார். எங்கே பாசி வழுக்கும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனத்தில் கவண்கல் எங்கிருந்து வரும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும். புலவர் கையேடு எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் விறலியரும் இருக்கிறார்கள். கல்லில் பட்டு நொந்த அவர்களுடைய பாதத்துக்கு, இளைத்த நாயின் நாக்கை உவமை சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையிலும் பொருநராற்றுப்படையிலும் இந்த உவமை உண்டு. உரையாசிரியர்கள் இதை அழகு வருணனையாகப் படித்தார்கள், பாதாதிகேசம் கேசாதிபாதம் என்று வகைப்படுத்தினார்கள். எனக்கு இது வலி. நடந்து நடந்து தொங்கிப்போன, நடுங்குகிற பாதம். வழி சொல்லும் நூல் ஒன்று, நடக்கிறவளின் காலை முதலில் பார்த்துவிட்டுத்தான் பாதையைச் சொல்லத் தொடங்குகிறது. இப்படியொரு இலக்கிய வகையை வைத்துக்கொண்டு, ஊனமுற்ற பெண்கள் தங்களுக்குள் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் வழிக்குறிப்புகளை நாம் இலக்கியமாகப் பார்க்காமலிருப்பது சரியில்லை. அவையும் ஆற்றுப்படைதான். முன்னால் போய் வந்தவள் பின்னால் வருகிறவளுக்குச் சொல்கிறாள்.

மலைபடுகடாத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கடினமான இடங்களில் ஒருவர் கையை ஒருவர் விடாமல் மெல்லப் போகச் சொல்கிறார் புலவர். திடகாத்திரமான கூத்தர்களுக்கே அந்த அறிவுரை. கை பிடிப்பது அங்கே இயலாமையின் அடையாளமாக இல்லை, வழியின் இயல்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் நம் பெண்ணிய எழுத்தோடு எனக்கு ஒரு பிணக்கு. தனியாகப் பயணம் போன பெண்ணை நாம் அண்மைக் காலமாக மிகவும் கொண்டாடுகிறோம். முதுகில் பை, யாரையும் சாராத நடை, எதிர்பாராத ஊர், திட்டமில்லாத இரவு. படிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சித்திரத்தில் சுதந்திரம் என்பது யாருடைய உதவியும் தேவைப்படாத உடம்புக்குக் கிடைப்பது. திட்டமின்மை ஒரு சொத்து, அது எல்லோரிடமும் இல்லை. என் ‘தனிப்’ பயணத்தில் கார் ஓட்டுநர், லிஃப்ட் இயக்குபவர், இரண்டு போர்ட்டர்கள், டிக்கெட் பரிசோதகர், எதிர்ப் படுக்கைக்காரர், நிஜாமுதீனில் இன்னும் இருவர் என்று குறைந்தது எட்டுப் பேரின் கை இருக்கும். அப்படியானால் நான் தனியாகப் போகிறேனா இல்லையா?

2008இல் வந்த ‘எக்ஸாமின்ட் லைஃப்’ என்ற ஆவணப்படத்தில் ஜூடித் பட்லரும், சக்கர நாற்காலியில் இயங்கும் ஓவியர் சுனாரா டெய்லரும் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் ‘நடந்து’கொண்டே பேசுவார்கள். தான் தெருவில் போவதை நடை என்றே சொல்வதாக டெய்லர் சொல்வார். காபிக் கடையில் உதவி கேட்பது பற்றியும் பேச்சு வரும். ஒரு கோப்பையை எடுத்துத் தரச் சொல்வது அவருக்கு அரசியல் செயல். எல்லோரும் ஒருவரையொருவர் சார்ந்துதான் வாழ்கிறோம் என்பதை மறைத்து வைத்திருக்கும் உலகத்தில் அவர் அதைக் கடையில் எல்லார் முன்னும் கேட்டுவிடுகிறார். வகுப்பில் இந்தக் காட்சியைக் காட்டிவிட்டு அமைதியாக இருந்தேன். ஒரு மாணவி, “எங்க வீட்ல அண்ணன் தண்ணி கேட்டா அது உதவி இல்ல மேம், அதிகாரம்” என்றாள். பட்லர் கேட்டிருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்.

தமிழில் வழித்துணை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. வழியில் கிடைக்கும் துணை என்றும் பொருள் கொள்ளலாம், வழிக்கு மட்டுமான துணை என்றும் கொள்ளலாம். ரயில்வே கேட்கும் துணை வேறு. அது வீட்டிலிருந்தே கிளம்ப வேண்டும், பெரும்பாலும் தம்பியாகவோ கணவனாகவோ அம்மாவாகவோ இருக்கும், அவர்களுடைய விடுமுறைக்குத்தான் என் பயணம் அமையும். அவர்கள் வேண்டாம் என்றால் நான் இருத்தல். எனக்கு வேண்டியது வழித்துணை. யாரைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, எப்போது போதும் என்பது என் கையில் இருக்க வேண்டும்.

போர்ட்டர்களோடு நான் பழகிய முறை இது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்குச் ‘சகாயக்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, சுமை மாறவில்லை. முதலில் கூலி பேசிவிடுவேன். பிறகு, “தம்பி, நீங்க என்னைத் தூக்க வேணாம். இப்படித் திரும்பி நில்லுங்க, நான் உங்க தோளைப் புடிச்சிக்கிறேன்” என்பேன். பெரும்பாலும் “சரிக்கா” என்று நிற்பார்கள். சிலர், “விழுந்துருவீங்கக்கா, தூக்கிடறோம்” என்பார்கள். விழுந்தால் என் பொறுப்பு என்பேன். அவர் பிடிப்பதற்கும் நான் பிடிப்பதற்கும் எழுவாய்தான் வேறுபாடு. ஆனால் தோளைப் பிடிக்கும் வழி எனக்கு இருக்கிறது, என் ஒரு கால் ஊன்றும். விராலி மோடிக்கு அந்த வழி இல்லை. எழுவாயை மாற்றும் சாமர்த்தியம் ஓரளவு உடம்பு இருப்பவர்களுக்குத்தான் உதவும். மற்றவர்களுக்குச் சாய்தளம்தான்.

சட்டம் இதைச் சொல்லவே செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ரயில் நிலையங்களையும் போக்குவரத்தையும் பேசுகிறது. 92ஆம் பிரிவு ஊனமுற்ற பெண்ணை மானபங்கப்படுத்தும் நோக்கில் பலவந்தம் செய்வோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்து மூன்று மாதக் கெடு விதித்தது. அந்த வழக்குக்காக நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஊனவியல் மையம் தயாரித்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘எல்லோருக்குமான அளவுகளைத் தேடி’. மாணவிகள் தேடிப் படிக்கலாம். பத்தொன்பது ஆண்டுகள் ஒருவர் வழக்கு நடத்தி, பரிந்துரையைக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வைத்திருக்கிறார்.

இதற்கிடையே பெயர்கள் மட்டும் சுறுசுறுப்பாக மாறிவந்தன. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். ரயில்வேயில் இப்போது நாங்கள் திவ்யாங்ஜன், தெய்வீக உறுப்புடையோர். தெய்வீக உறுப்புடையவள்தான் துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவள் என்று அதே விதி சொல்கிறது.

படிவத்தில் மாற்ற வேண்டியது சில சொற்கள்தான். பார்வையற்றோருக்கு எழுதியதை, ‘தனியாகவோ துணையோடோ’ என்பதை, எங்களுக்கும் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் எழுதிவிட்டால் போதும். செலவு கிடையாது. துணை வேண்டியவருக்குத் துணை டிக்கெட் இருக்கும். இதைக் கேட்டு ரயில்வே வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். மாணவிகள் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தி மட்டும் போடவில்லை. அவளுடைய அக்காவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு நான்கு வருடம் ஆகிறதாம். அரியலூருக்கே வந்ததில்லையாம். “அக்காவ கேட்டுட்டுப் போடறேன் மேம், அது அவங்க விஷயம்” என்றாள். என் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறு வாரம் நோட்டு திரும்பி வந்தது, கடிதத்தில் அக்காவின் கையெழுத்தோடு. நோட்டின் ஓரத்தில் பென்சிலால் சில கேள்விகள் இருந்தன. திருச்சியில் லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் எந்த நடைமேடைக்குச் சுரங்கப்பாதைச் சரிவு இருக்கிறது? உட்கார்ந்தபடியே நகர்கிறவளுக்குப் பெட்டியின் நடைபாதை எத்தனை அங்குலம்? படுக்கைப் புண் உள்ளவர் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை புரண்டு படுக்கலாம், கீழ்ப் படுக்கையில் பகலில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்பது? எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அங்குலத்தை மட்டும் திருச்சியில் அளந்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பையில் ஒரு தையல் டேப் எடுத்து வைத்திருக்கிறேன்.